ஒரே ஆள், மூன்று ரெக்கார்டு: வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்தவர்கள் சொன்னவை

பழைய லெட்ஜர்:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் 40,000 பேர் உள்ள பட்டியல். ஒரே ஆள் இரண்டு மூன்று முறை பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்து ஒன்றாக்கும் டூல் ஒன்றை ஓடவிட்டேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் எண் நான்கையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடும். 90-க்கு மேல் வந்தால் தானாக மெர்ஜ் ஆகட்டும் என்று வைத்தது நான்தான்.

ரஞ்சனி, ரஞ்சிதா. இரட்டைப் பிள்ளைகள். பிறந்த தேதி ஒன்று, வீடு ஒன்று, போன் எண் அம்மாவுடையது. பெயரில் கடைசிப் பகுதி மட்டும்தான் வேறு. டூல் 96 கொடுத்து இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. ரஞ்சனி கொடுத்த புகாருக்கு ரஞ்சிதாவை அழைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர் "எனக்கு எந்தப் புகாரும் இல்லையே" என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மெர்ஜ் செய்ததைப் பழையபடி பிரிக்க அந்த மென்பொருளில் வழியே இல்லை. முந்தைய இரவு எடுத்து வைத்த எக்ஸ்போர்ட், அதாவது பட்டியலின் நகல், இருந்ததால் தப்பித்தேன். இப்போது மின்னஞ்சலும் வாடிக்கையாளர் எண்ணும் அச்சு அசலாக ஒத்துப்போனால் மட்டும் தானாக இணையும். மற்ற ஜோடிகளை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான்.

நைட் ஷிஃப்ட்:
அண்ணே, டூலை ஓடவிடும் முன்பு எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு முறை ஒரே போன் எண் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு இருந்தது. என்னடா இது என்று அந்த எண்ணுக்கு அழைத்தால், எனக்குப் பக்கத்து மேசையில் போன் அடிக்கிறது! எங்கள் அலுவலக எண்ணேதான். போன் எண் இல்லாமல் படிவம் சேவ் ஆகாது என்பதால், கவுன்டரில் இருந்தவர்கள் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறார்கள்.

பிறந்த தேதியும் அதே கதை. ஜனவரி 1 அன்று ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்த்துச் செய்தி போனது. பலருக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது, ஏனென்றால் ஆண்டு 1900. கவுன்டரில் இருந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இரண்டு கட்டங்களின் கட்டாயத்தை எடுத்துவிட்டோம், குப்பை வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. எந்த மென்பொருளும் எனக்கு இவ்வளவு செய்து கொடுத்ததில்லை.

அரைப்புள்ளி:
தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க. "கோபால்" என்று இரண்டு ரெக்கார்டு இருந்தது. கண்ணுக்கு ஒன்றேதான், ஆனால் டூல் வேறு வேறு என்றது. கணினி அதை எத்தனை குறியீடுகளாக வைத்திருக்கிறது என்று பார்த்தேன்: ஒன்றில் 6, மற்றதில் 7. ஒருவர் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக அடித்திருக்கிறார். இன்னொருவர் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக அடித்திருக்கிறார். எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில், இப்படிப் பிரிந்ததை ஒன்றாக்கவென்றே என்எஃப்சி என்ற சீராக்கம் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி, வேலை முடிந்தது.

அப்புறம்தான் சௌந்தரி வந்தார். ஔகாரக் குறிக்குப் பதிலாக, கொம்பு போட்டு அருகில் "ள" அடித்திருந்தார்கள். இது என்எஃப்சிக்குத் தெரியாது, ஏனென்றால் அதன் பார்வையில் அது நிஜமான ளகரம். சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்று ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் கொடுத்தேன். சௌந்தரி சரியானார், வெள்ளையன் உடைந்து போனார்! அவர் பெயரில் இருந்த முதல் ளகரம் காணாமல் போய், புள்ளி மட்டும் ஒரு வட்டத்தின் மேல் அநாதையாக நின்றது. ளகரத்துக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று எழுதிய பிறகுதான் தீர்ந்தது.

கணக்குப்பிள்ளை:
என்னுடையது சின்னது. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தேன், சேவ் செய்தேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம். உறுப்பினர் எண்களில் முன்னால் இருந்த பூஜ்யங்கள் போய்விட்டன. 16 இலக்க எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தன, ஏனென்றால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். இப்போது இம்போர்ட் வழியாகப் போய், அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லிவிட்டுத்தான் திறக்கிறேன். இதில் நாம் தனியாள் இல்லை: மரபணுக்களின் சில பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாக 2020-இல் பெயர்சூட்டும் குழு அறிவித்தது.

போன் எண்களுக்கு ஒரு குறிப்பு. கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என்ற ஈ.164 வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். கூகுளின் லிப்ஃபோன்நம்பர் என்ற நிரல் தொகுப்பு இலவசம், அதுவே மாற்றிக் கொடுக்கும்.

மெய்ப்பு பார்ப்பவள்:
தரவைச் சுத்தம் செய்யும் ஓபன்ரிஃபைன் என்ற மென்பொருள் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2010-இல் வேறு பெயரில் வந்தது, பிறகு கூகுள் ரிஃபைன் ஆனது, 2012 முதல் இந்தப் பெயர். பிரவுசரில் திறந்தாலும் நம் கணினியிலேயே ஓடுகிறது. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே எங்கேயும் ஏற்ற வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

அதில் "ஃபிங்கர்பிரின்ட்" என்று ஒரு முறை. நிறுத்தக்குறிகளை எடுத்துவிட்டு, சொற்களை அகர வரிசையில் அடுக்கி, திரும்ப வந்த சொல்லை நீக்கி, ஒப்பிடுவதற்கென ஒரு சாவி உண்டாக்கும்; ஒரே சாவி வருபவை ஒரே குழுவாகும். "செல்வம், முருகன்" என்பதும் "முருகன் செல்வம்" என்பதும் ஒரே சாவிக்கு வந்துவிடும். ஆனால் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் சாவி மாறிவிடும். அதற்கு லெவன்ஷ்டைன் முறைக்குப் போக வேண்டும், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது அது. அதில்தான் பழைய லெட்ஜர் சார் சொன்ன இரட்டையர்கள் மாட்டுவார்கள்.

ஓபன்ரிஃபைனில் செய்த மாற்றங்களை வரிசையாகச் சேமித்து, அடுத்த மாதக் கோப்பின் மீதும் அப்படியே ஓட்டலாம். இந்த ஒன்றுக்காகவே நான் வேறு எதற்கும் போகவில்லை.

சார், பிரித்த பிறகு ரஞ்சனியும் ரஞ்சிதாவும் மறுபடி மாட்டவில்லையா?

பழைய லெட்ஜர்:
மாட்டாமல் இருப்பார்களா, மெய்ப்பு அம்மா? அடுத்த மாதமே பட்டியலின் உச்சியில் வந்து நின்றார்கள், அதே 96. பார்க்க வேண்டிய ஜோடிகளைப் புதிதாக வேலைக்கு வந்த தம்பியிடம் கொடுத்திருந்தேன். அவன் பிறந்த தேதியைப் பார்த்தான், முகவரியைப் பார்த்தான், நம்பிக்கையோடு மெர்ஜ் பட்டனை அழுத்திவிட்டான். அன்று மாலைதான் "இவர்கள் வேறு வேறு ஆட்கள்" என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.