'டேக்' என்ற வினைச்சொல்லுக்குத் தமிழ் இணைகள்: உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக 'டேக்' (take) என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி ஒரு பாடம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையை நாம் 'போடுகிறோம்', பஸ்ஸைப் 'பிடிக்கிறோம்', படம் 'எடுக்கிறோம்', நேரம் 'ஆகிறது'. ஆங்கிலத்தில் நான்குக்கும் 'டேக்' ஒன்றே போதும்.

இத்தனைக்கும் அது பழைய ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொண்டுவந்த, அவர்களது நார்ஸ் மொழிச் சொல்லான 'டாகா'வே அதன் மூலம். அதற்கு முன் ஆங்கிலேயர் எடுப்பதற்கு 'நிமன்' என்றார்கள். ஜெர்மனில் அதன் உறவான 'நேமென்' இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்தில் 'நிமன்' மறைந்துவிட்டாலும் அதன் வழி வந்த 'நம்ப்', கை கால் மரத்துப்போவதைக் குறித்து நிற்கிறது: உணர்வு 'எடுக்கப்பட்ட' நிலை! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது சிக்கல். 'டேக் ஆஃப்டர்' என்பதற்கு 'அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்' என்ற அழகான தொடர் கிடைத்தது. 'டேக் ஃபார் கிராண்டட்' (ஒன்று எப்போதும் தானாகவே கிடைக்கும் என்று எண்ணி, அதன் அருமையை உணராமல் இருப்பது) என்பதற்குத்தான் எதுவும் பொருந்தவில்லை. 'அருமை தெரியாமல் இருப்பது' பாதிப் பொருளையே தருகிறது. உங்கள் ஊர் வழக்கில் இதற்குச் சொல் உண்டா? வாக்கியத்தோடு எழுதினால் பெரிதும் உதவும். வரும் திங்கட்கிழமை பாடம் எடுக்கிறேன்.