பெயர் கேட்டவர், மேற்கோள் கேட்டவர்: தென்னாப்பிரிக்காவில் ஆய்விதழ் அனுபவங்கள்

டர்பனிலிருந்து ஓர் ஆய்வு மாணவி:

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சர்க்கரை நோயோடு வாழும் முதியவர்களைப் பற்றியது என் ஆய்வு. வார இறுதிகளில் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தேன். பெட்ரோல் என் காசு. பாட்டிமார் தந்த தேநீர் மட்டும் இலவசம், அதிலும் சர்க்கரை தூக்கல்! கட்டுரையை அனுப்பும் நேரத்தில் நெறியாளர் (அவரும் நம்மவர்தான்) சொன்னார்: "துறைத்தலைவர் பெயரையும் போட்டுவிடம்மா, அவர் மனம் கோணாமல் இருக்கட்டும்." துறைத்தலைவர் அதுவரை தலைப்பைக்கூடப் பார்த்ததில்லை.

ஒருவர் பெயரைக் கட்டுரையாளராகப் போட, மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் கட்டாயம். மற்றவர்களுக்கு நன்றியுரைதான் இடம்.

இதை நெறியாளரிடம் நான் எப்படிச் சொல்வது? வாதாடும் வேலையை இதழ் கேட்ட ஒரு படிவம் பார்த்துக்கொண்டது. யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளில் குறிக்கச் சொல்கிறதே, அதுதான். துறைத்தலைவர் 'நிதி பெற்றது' என்ற கட்டத்தில் குறியிட்டார். எந்த நிதி, அதன் எண் என்ன என்று இதழிலிருந்து கேள்வி வந்தது. ஒரு ராண்ட்கூட வந்ததில்லையே! அவர் பெயர் சத்தமில்லாமல் நன்றியுரைக்கு இறங்கியது. எதற்கு நன்றி என்று எழுதத்தான் ஒரு மாலை முழுவதும் யோசித்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வரலாற்றாசிரியை:

டர்பன் தங்கைக்காவது பெயர் கேட்டவர் யாரென்று தெரியும். என்னிடம் மேற்கோள் கேட்டவர், கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்காகப் படித்துச் சொல்லும், முகம் காட்டாத மதிப்பாய்வாளர். ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பதிவேடுகளைப் பற்றிய என் கட்டுரையில் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டுவது 'இன்றியமையாதது' என்று எழுதியிருந்தார். ஐந்தும் ஒருவரே எழுதியவை. அவற்றில் ஒன்று ரயில் கட்டணத்தைப் பற்றியது! பொருத்தமான ஒன்றைச் சேர்த்தேன். மற்ற நான்கும் ஏன் பொருந்தாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி இதழாசிரியருக்கு அனுப்பினேன். மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு விரிவுரையாளர்:

பெயருக்கு இத்தனை பேர் அலைவது வெறும் பெருமைக்காக அல்ல, தங்கச்சி. இங்கே அங்கீகாரம் பெற்ற ஆய்விதழில் கட்டுரை வந்தால் அரசின் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. கட்டுரையாளர்கள் இரண்டு பல்கலைக்கழகத்தவராக இருந்தால் அந்த மானியமும் பங்காகிவிடும். அதனால் வெளியார் பெயரைச் சேர்க்க ஆயிரம் யோசிப்பார்கள். பக்கத்து அறைக்காரர் பெயரைச் சேர்ப்பதில் கல்லூரிக்கு ஒரு சென்ட்டும் நட்டமில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் இந்த மானியத்தின் நிழலில்தான் தழைத்தன. 2005 முதல் 2014 வரை, அப்படிச் சந்தேகத்துக்குரிய 48 இதழ்களில் தென்னாப்பிரிக்கர்களின் 4,246 கட்டுரைகள் வெளிவந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது.

என் அனுபவம் மறுபக்கத்தைச் சேர்ந்தது. ஒரே கட்டுரை, இரண்டு இதழ்களிலிருந்து மதிப்பாய்வுக்கு என்னிடமே வந்து சேர்ந்தது. தலைப்பு மட்டும் வேறு. மூன்றாம் அட்டவணையில் கூட்டல் பிழை ஒன்று இருந்தது. இரண்டு பிரதியிலும் அதே பிழை. ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பக் கூடாது என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் மதிப்பாய்வுக்கு வந்த பிரதி என் சொத்தல்ல; ஒன்றை எடுத்து மற்ற இதழின் ஆசிரியருக்கு அனுப்ப எனக்கு உரிமையில்லை. "இதையே வேறோர் இதழுக்காகவும் படித்துக்கொண்டிருக்கிறேன், கட்டுரையாளரிடம் விசாரியுங்கள்" என்று இரு ஆசிரியர்களுக்கும் தனித்தனியே எழுதினேன். முதலாமவர் நன்றி சொல்லிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாமவரிடமிருந்து பதில் இல்லை. கட்டுரை மட்டும் அந்த இதழில் வெளிவந்தது, அட்டவணைப் பிழையோடு.