மறு: பிரிசிஷன் ஃபாமிங்குக்கு ஒரு சொல் (வெள்ளி அச்சு)

வந்தாறுமூலையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். பெரும்போகத்துக்கு முந்திய பயிற்சிக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரிசிஷன் ஃபாமிங், அதாவது வயலின் ஒவ்வொரு மூலைக்கும் வேண்டியதை அளந்து செய்கிற முறைக்கு, ‘துல்லிய வேளாண்மை’ என்று போட்டிருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 2004இல் துல்லியப் பண்ணையத் திட்டம் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் அதுதான் வழக்கு. வாசித்துக் காட்டினால் ஒரு கமக்காரர், “அப்ப நாங்க இவ்வளவு நாளும் செய்தது துல்லியமில்லாத வெள்ளாமையோ?” என்கிறார். வேறு சொல் உண்டா?

சம்மாந்துறையிலிருந்து:
அவர் கேட்டது நியாயம் தம்பி. துல்லியம் அளக்கிற கருவிக்குரிய குணம். இங்கே சங்கதி வேறு: ஒரே வட்டையில் (வயல்வெளியில்) மேட்டு வரவைக்கும் (வயல் துண்டுக்கும்) பள்ள வரவைக்கும் ஒரே கணக்கில் யூரியா வீசாதே என்பதுதான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புள்ளி. செடி தெறிக்கவிடுகிற சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டால் எந்த மூலை சோர்ந்திருக்கிறது என்று தெரியும், 5 நாளுக்கு ஒருமுறை புதுப் படம் (மாரியில் முகில் மூடினால் அதுவும் இல்லை, வயலுக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்). எங்கே, எப்போது, எவ்வளவு. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ஆகவே ‘இடமறி வேளாண்மை’.

மண்டூரிலிருந்து:
காக்கா, அது அரசன் படையெடுக்கிற இடம், யூரியா வீசுகிற இடமில்லை! உழவு அதிகாரத்துக்கே வாருங்கள். ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’: ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காய விட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறார். அளவு, ஈரப்பதம், உரச்சிக்கனம் மூன்றும் ஒரு குறளில் இருக்கின்றன. எனவே ‘அளவறி’. அடுத்து, வேளாண்மை எதற்கு? 81ஆம் குறளில் வேளாண்மை என்றால் விருந்தோம்பி உதவுவது. பயிர்ச்செய்கைக்கு நமக்குக் கமம் என்ற சொல் இருக்கிறது, ‘கமம் நிறைந்து இயலும்’ என்று தொல்காப்பியம் உரியியலிலேயே சொல்லியாயிற்று. ‘அளவறி கமம்’ என்று போடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:
சேர், தொல்காப்பியத்துக் கமத்துக்குப் பொருள் நிறைவு, கமநல சேவை நிலையத்துக் கமம் வேறு. பாளியில் காம என்றால் ஊர். கதிர்காமத்தில் இருக்கிற காமம் எது, உறுகாமத்தில் இருக்கிறது எது?

மண்டூரிலிருந்து:
நிறைந்த குளம் உள்ள ஊர் உறுகாமம். பாளி எல்லாவற்றுக்கும் தாய் இல்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
நான் விவசாயப் போதனாசிரியர், வயலில் நிற்கிறவன். ‘அளவறி’ என்று அறிவித்தல் ஒட்டினால் காணி அளக்க வருகிறார்கள் என்று உறுதிப் பத்திரத்தோடு சனம் வந்து நிற்கும். ‘இடமறி’யும் அதே வில்லங்கம்தான். 2021இல் உரம் இறக்குமதியை நிறுத்தியபோது யூரியா என்ன விலைக்குப் போனது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும், அதனால் சிக்கனத்தை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை நிற அட்டையைக் கொடுத்து “இலையைப் பார், பிறகு பசளை போடு” என்றோம். பெயர் இல்லாமலே பிடித்துக்கொண்டார்கள். இப்போது அட்டைக்குப் பதில் ட்ரோன். ‘பார்த்துச் செய்யும் வெள்ளாமை’ என்றால் என்ன குறை?

அக்கரைப்பற்றிலிருந்து:
பரீட்சையில் பிள்ளைகள் அதை எப்படி எழுதுவார்கள்? தரவு என்பதும் அதில் இல்லை. ‘தரவுவழி வேளாண்மை’ என்றாலாவது பாடநூலோடு ஒட்டும். யாரோ தனிமடலில் ‘சூட்டிகை’ என்கிறார்கள், அது வேண்டாம், எங்கள் பக்கம் துடியான பிள்ளையைத்தான் அப்படிச் சொல்வோம்.

வந்தாறுமூலையிலிருந்து:
நேரமில்லை. அட்டையில் ‘துல்லிய வேளாண்மை’, தேடுகிறவர்களுக்கு அதுதான் அகப்படும். முதல் அத்தியாயத் தலைப்பு ‘பார்த்துச் செய்யும் வெள்ளாமை’. உரப் பகுதியில் மட்டும் ‘இடமறிந்து பசளையிடல்’. நாலு பேர் சரி என்றுவிட்டார்கள்.

மண்டூரிலிருந்து:
நான் சரி என்று சொல்லவில்லை, அது பதிவில் இருக்கட்டும். உறுகாமத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன்.