கார் ஷோவுல பாடம் எடுக்குறவங்கள எப்படி சமாளிக்கிறீங்க?

ஹெரால்ட்காரன்: மக்களே, என்கிட்ட இருக்கிறது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் த்ரீ, நாலு கதவு. எந்த ஷோவுல நிறுத்துனாலும் யாராவது ஒரு பெரியவர் வந்து "தம்பி, ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான், இது வெட்டி ஒட்டுன வண்டி"ன்னு கூட்டத்துக்கு நடுவுல ஆரம்பிச்சுடுறார். இங்கிலாந்துல ஹெரால்ட மொதல்ல செஞ்ச ட்ரையம்ப் கம்பெனி நாலு கதவு போடவே இல்ல, மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் கம்பெனி செஞ்சதுலதான் வந்துச்சுன்னா நம்பவே மாட்டேங்கிறாங்க, அப்ப ட்ரையம்ப் பேட்ஜ் எங்கன்னு அடுத்த கேள்வி வேற. என்னதான் பண்றது?

பழையபத்மினி: வாதாடாதீங்க ப்ரோ, பானெட்ட தூக்கி விடுங்க. மூக்கு, மட்கார்டு எல்லாம் ஒண்ணா முன்பக்கம் கவுந்து இஞ்சின், முன் சஸ்பென்ஷன் மொத்தமும் வெளிய தெரியும்ல, வாத்தியாரே வாய பொளந்துட்டு நிப்பார் 😄

அம்பிராஜா: எல்லாரையும் அப்படி ஒதுக்க வேணாம்ணே. "நீங்க எந்த வருஷம் ஓட்டுனீங்க சார்?"னு கேட்டுப் பாருங்க, நெசமா ஓட்டுனவர்னா கியர் எப்படி விழும், எங்க ஸ்பேர் கிடைச்சதுன்னு கொட்டுவார், சும்மா அளக்குறவர் போன் வந்த மாதிரி நழுவிடுவார். எனக்கு கடுப்பு பேசுறவங்க இல்ல, கேக்காம கதவத் திறந்து உக்கார்றவங்கதான்.

டீக்கடை: பழைய விளம்பரத்த பிரிண்ட் போட்டு கண்ணாடிக்கு உள்ள வைங்க. அவர் படிக்க மாட்டார், பக்கத்துல நிக்கிறவன் படிச்சிட்டு அவரோட மல்லுக்கு நிப்பான், நீங்க போய் டீ சாப்பிடலாம்.