அரிவாள் செல் ஜீன் ஏன் இன்னும் ஒழியல?

கேள்விக்கணை: இயற்கைத் தேர்வு கெட்டத கழிச்சு கட்டிடும்னு ஸ்கூல்ல படிச்சோம், அப்பறம் ஏன் ரத்தச் சிவப்பணுவ அரிவாள் மாதிரி வளைக்கற சிக்கில் செல் ஜீன் ஆயிரக்கணக்கான வருஷமா ஓடிட்டிருக்கு? அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு காப்பி வந்த புள்ள, மருந்து இல்லாத காலத்துல பெரியாளாகறதே கஷ்டம். தகுதியானதுதான் பொழைக்குமாம், ஃபிட்டஸ்ட்டாம் ஃபிட்டஸ்ட்டு.

மலைக்காத்து: தலைவரே, ஒரு காப்பி உள்ளவங்கள மறந்துட்டீங்க. மலேரியாவுல அவங்க அவ்ளோ சீக்கிரம் சாக மாட்டாங்கன்னு ஆந்தனி ஆலிசன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1954லயே கிழக்கு ஆப்பிரிக்காவுல காட்டிட்டாரு. ஒட்டுண்ணி புகுந்த செல் வளைஞ்சுக்கும், மண்ணீரல் புடிச்சு அழிச்சிடும். நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டயும் 1952லயே இந்த ஜீன கண்டுபிடிச்சாங்க. நான் அந்தப் பக்கம் லேப்ல இருந்தப்ப ஸ்லைடுல ஒரு சொட்டு ரத்தம், ஆக்சிஜன இழுக்கற மெட்டாபைசல்ஃபைட் ஒரு சொட்டு, கவர் ஸ்லிப் போட்டு ஓரத்த அடைச்சு வெச்சா ஆக்சிஜன் தீரத் தீர வட்டமா இருந்த செல்லெல்லாம் கதிர் அறுக்கற அரிவாளா மாறும், அந்த ரத்தத்துக்கு சொந்தக்காரர் வெளிய பெஞ்சுல ஜம்முனு டீ குடிச்சிட்டிருப்பாரு. ஒரு காப்பி மட்டும் உள்ள கேரியர், அவ்ளோதான்.

கேள்விக்கணை: மலேரியா இல்லாத ஊர்லயும் இருக்கே? அமெரிக்கக் கறுப்பினத்தவர்ல சுமார் 13 பேருக்கு ஒருத்தர் கேரியர்.

மலைக்காத்து: செலக்‌ஷன் கையில மாட்டறது ரெண்டு காப்பி உள்ளவங்க மட்டும்தானே. மத்தவங்ககிட்ட ஜீன் ஒளிஞ்சுக்கும், மெதுவாத்தான் கரையும்.

வெண்டைக்கா: ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கற ட்ரேட்-ஆஃப்னு, யாரோ உக்காந்து பேரம் பேசின மாதிரி சொல்றீங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு புள்ளைக்கும் ரெண்டு காப்பி வர 25% சான்ஸ். லாபம் அவங்களுக்கு, பில்லு புள்ளைக்கா?

மலைக்காத்து: நியாயம்தான். ஜீனோட கணக்குலதான் அது லாபம், அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல.

கேள்விக்கணை: இதவிட சீப்பான வழி இயற்கைக்கு கெடைக்கலயாக்கும்?

மலைக்காத்து: கெடச்சுது! மேற்கு ஆப்பிரிக்காவுல பர்கினா ஃபாசோ பக்கம் ஹீமோகுளோபின் சி-ன்னு இன்னொரு மாற்றம். ஹீமோகுளோபின்ல இருக்கற அதே பீட்டா குளோபின் புரதம், அதே 6வது எடம், சிக்கில்ல வேலின்ங்கற அமினோ அமிலம் வந்து உக்காந்த எடத்துல இதுல லைசின். ரெண்டு காப்பி வந்தாலும் லேசான ரத்தசோகையோட போயிடும், மலேரியா பாதுகாப்பும் அப்பதான் ஜாஸ்தி.

வெண்டைக்கா: பின்ன அது எஸ்ஸ, அதாவது சிக்கில் ஜீன, தூக்கி அடிச்சிருக்கணுமே?

மலைக்காத்து: அங்கதான் சிக்கல். புதுசா பரவறப்ப முக்காவாசி பேர்கிட்ட ஒரு காப்பிதான் இருக்கும், அதுல பாதுகாப்பு கம்மி. எஸ் உள்ள ஊர்ல ஒரு சி ஒரு எஸ்னு சேந்தா அதுவும் சிக்கில் நோய்தான். அந்தக் கரைக்குப் போக நடுவுல பள்ளத்துல எறங்கணும், எறங்கறவன இயற்கைத் தேர்வே தட்டி விட்டுடும்.

கேள்விக்கணை: ரைட்டு. ஆனா அந்த ஃபிட்டஸ்ட்ங்கற வார்த்தைய நான் இன்னும் ஒத்துக்கல.