மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. பிரான்ஸ்ல இருக்கறவங்க உதவுங்க, அவசரம்

மஞ்சப்பை:
செப்டம்பர்ல லியோன் வந்தேன், மாஸ்டர்ஸ். இங்கத்த அரசு மருத்துவக் காப்பீடு, சோசியல் செக்யூரிட்டிக்கு எல்லா பேப்பரும் ஏத்திட்டேன். மூணு தடவை "ஆவணம் ஏற்கப்படவில்லை". என்ன தப்புன்னு ஒரு வரி இல்ல. இங்க பல் வலி உயிர் போகுது. கார்த் வித்தால் (காப்பீட்டு கார்டு) இல்லாம டாக்டர்கிட்ட எப்படிப் போறது?

கிரெனோபிள்_கிச்சா:
"எல்லா பேப்பரும்"னா எது எது? எந்தப் பேப்பரைத் திருப்பினாங்க? விசாவை ஆன்லைன்ல வேலிடேட் பண்ணியாச்சா? வந்து 3 மாசத்துக்குள்ள பண்ணணும். சோசியல் செக்யூரிட்டி நம்பர் எதாவது வந்திருக்கா?

ரசம்சாதம்:
ஸ்கேன்தான் பிரச்சினை. மொபைல்ல போட்டோ எடுத்து ஏத்தியிருப்பீங்க. கலர்ல, ஒரே பிடிஎஃப்பா போடுங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பழைய_பாரிஸ்காரன்:
இதே கேள்வி மாசம் ரெண்டு தடவை வருது. தேடிப் பார்க்கற பழக்கமே போச்சு. அப்போஸ்டீல், அதான் சான்று வெளிநாட்டுல செல்லும்படி நம்ம அரசு போடற முத்திரை, இருக்கா? நிச்சயம் இருக்காது. ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை அது. நாங்கள்லாம் வந்தப்ப சொல்லித்தர ஆளே கிடையாது.

மஞ்சப்பை:
விசா வேலிடேட் பண்ணியாச்சு. திரும்பினது பிறப்புச் சான்று. அப்போஸ்டீல் இருக்கு சார். நம்பர் ஒண்ணு வந்திருக்கு, 8-ல ஆரம்பிக்குது.

கிரெனோபிள்_கிச்சா:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. 8 தற்காலிக நம்பர். நிரந்தர நம்பர் பெண்களுக்கு 2, ஆண்களுக்கு 1-ல ஆரம்பிக்கும். அப்புறம் பிறந்த வருஷம், மாசம், வெளிநாட்டுல பிறந்தவங்களுக்கு 99, இந்தியாவுக்கு 223. அது வந்தாதான் கார்டு. ஆனா பல்லுக்குக் காத்திருக்காதீங்க. காசு கொடுத்துப் பாருங்க, டாக்டர் தர்ற சிகிச்சைப் படிவம், ஃபேய் த சுவன் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வைங்க, பின்னாடி அனுப்பிப் பணம் வாங்கலாம். பல்லுக்கு முன்னாடி 70 சதவீதம் திரும்பும், 2023 அக்டோபர்லேர்ந்து 60தான். மிச்சத்துக்கு மியூச்சுவல் (கூடுதல் தனியார் காப்பீடு) வேணும்.

லாச்சப்பல்_அண்ணை:
தங்கச்சி, உங்கட பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. உங்கட பேர் அதில இருக்கோ? சிரிக்காதேங்கோ. கடைக்கு வாற இந்தியப் பிள்ளையள் ரெண்டு பேருக்கு இதே கதை. தகப்பன் பேர், தாய் பேர், பிறந்த இடம் எல்லாம் இருக்கும், பிள்ளையின்ர பேர் மட்டும் இராது.

மஞ்சப்பை:
ஐயோ. "குழந்தையின் பெயர்" கட்டத்துல ஒரு கோடு போட்டிருக்கு. வெறும் கோடு. இருபத்திமூணு வருஷமா வீட்ல யாரும் பார்க்கல. மொழிபெயர்ப்பாளர் அந்தக் கோட்டையும் அழகா கோடாவே போட்டு 45 யூரோ வாங்கிட்டார்.

ரசம்சாதம்:
😂 பொறந்து பத்து நாள்ல பதிஞ்சிருப்பாங்க, பேர் வச்சப்புறம் திரும்பப் போய்ச் சேர்த்திருக்க மாட்டாங்க.

பழைய_பாரிஸ்காரன்:
பேர் சேர்த்தாலும் தீராது. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும் பாருங்க. குடும்பப்பெயர் இல்லாத ஆளை இந்த ஊர் கம்ப்யூட்டர் எங்க வைக்கும்? தமிழனுக்கு இதெல்லாம் எப்பப் புரியப்போகுதோ.

மஞ்சப்பை:
காலிதான். யூனிவர்சிட்டி கார்டுல என் பேரையே ரெண்டு தடவை போட்டுக் கொடுத்திருக்காங்க.

வில்லியனூர்:
புதுச்சேரில இது பழைய விஷயம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறி ரெனோன்சான் ஆனவங்க குடும்பப்பெயர் எடுத்துக்கிட்டாங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் பிரெஞ்சு சர்நேம். இன்னிக்கு வரைக்கும் ஒரு பேப்பர் திரும்பினதில்ல.

இனிஷியல்_கே:
அதுக்கு உங்க தாத்தா சொந்த வழக்கச் சட்டத்தையே விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்லுங்க. எங்க ஊர்ல சாதிப்பேரை வெட்டிட்டு இனிஷியல் வச்சோம். அது குறையா?

வில்லியனூர்:
குறைன்னு யார் சொன்னா? அப்படிப் பேர் எடுத்தவங்கள்ல எத்தனை பேர் சாதியிலேர்ந்து தப்பிக்கத்தான் எடுத்தாங்கன்னு படிச்சிட்டு வாங்க.

இனிஷியல்_கே:
படிச்சிட்டுத்தான் பேசறேன்.

லாச்சப்பல்_அண்ணை:
தம்பிமார், பிள்ளைக்குப் பல்லு வலிக்குது.

கிரெனோபிள்_கிச்சா:
அதானே. மஞ்சப்பை, ஊர்ல பேர் சேர்த்து, புதுச் சான்று எடுத்து, திரும்ப அப்போஸ்டீல் போடறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிடும். என் ரூம்மேட் பாரிஸ்ல நம்ம தூதரகத்துல பாஸ்போர்ட்டை வச்சு பிறப்புச் சான்று வாங்கினான். கடைசிப் பக்கத்துல அப்பா அம்மா பேர் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க.

பழைய_பாரிஸ்காரன்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

மஞ்சப்பை (ஐந்து வாரம் கழித்து):
2-ல ஆரம்பிக்கிற நம்பர் வந்தாச்சு. தூதரகச் சான்றுதான். அண்ணை, கிச்சா, ரொம்ப நன்றி. பல்லைப் பிடுங்கியாச்சு.

நான்ட்_நந்தினி:
எனக்கும் அதே கோடுதான்!! தூதரகத்துக்கு என்னென்ன எடுத்துட்டுப் போனீங்க? அவங்க தர்றதுக்கும் மொழிபெயர்ப்பு வேணுமா?

நான்ட்_நந்தினி (நான்கு நாள் கழித்து):
மஞ்சப்பை, இருக்கீங்களா?