புதுப்பிப்பு: ஆளில்லாத பைப்லைன்களை நீக்கினேன், ஒன்றில் மாட்டிக்கொண்டேன்

எங்கள் வாடிக்கையாளர் டேட்டா பிளாட்ஃபார்மில் (வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டி மற்ற கருவிகளுக்கு அனுப்பும் அமைப்பு) 41 பைப்லைன்கள், அதாவது விவரங்களைக் கொண்டுபோகும் வழிகள், ஓடுகின்றன, பாதி எதற்கென்றே தெரியவில்லை, எதை நீக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். உடனே அழிக்காதே, முதலில் நிறுத்தி வை என்றீர்கள். நல்லவேளை, கேட்டேன்.

அதிக டிராஃபிக் உள்ளதுதான் முக்கியமானது என்று நினைத்திருந்தேன். தப்பு. இருப்பதிலேயே பரபரப்பான பைப்லைனின் டெலிவரி பதிவைத் திறந்தால் வரிசையாக 401, அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. எப்போதோ ஒப்பந்தம் முடிந்த அனலிட்டிக்ஸ் கருவிக்கு, காலாவதியான சாவியோடு ஒவ்வொரு பக்கப் பார்வையையும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அதை அன்றே நீக்கிவிட்டேன்.

மாட்டிக்கொண்டது வேறொன்றில். ஒரு பைப்லைனில் மாதத்துக்கு நாலைந்து நிகழ்வுகள்தான். நிறுத்தினேன். ஒன்பதாம் நாள், தன் விவரங்களை அழிக்கச் சொன்ன வாடிக்கையாளருக்குச் சலுகை மின்னஞ்சல் போய்விட்டது! அழிப்புக் கோரிக்கைகளை மின்னஞ்சல் கருவிக்குக் கொண்டுபோனதே அந்தப் பைப்லைன்தான். மறுபடி இயக்கி, விடுபட்ட கோரிக்கைகளை மூலப் பதிவிலிருந்து எடுத்து அனுப்பினேன். அந்த வாடிக்கையாளரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

பில் குறைந்ததா என்று கேட்டவருக்கு: இதனால் இல்லை. எங்கள் கட்டணம் பயனர் எண்ணிக்கைப்படி. விவரங்கள் போய்ச் சேரும் கருவியை வெட்டினால் அது மாறாது. பெயர் தெரியாத பார்வையாளர்களைக் கொட்டிக்கொண்டிருந்த சோதனைத் தளத்திலிருந்து விவரங்கள் உள்ளே வரும் வழியை மூடிய பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது.

இப்போது 23 மிச்சம். அவற்றில் மூன்றுக்கு இன்னும் உரிமையாளர் கிடைக்கவில்லை. காலாண்டு அறிக்கை முடியும்வரை அந்த மூன்றையும் நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன்.